பீடபூமிப் பைக்காவும் கொல்லாமை அறமும்

திபெத்தியப் பீடபூமியின் புல்வெளிகளில், கடல்மட்டத்திலிருந்து 3,000 முதல் 5,000 மீட்டர் வரையான உயரத்தில், வளை தோண்டிக் குடும்பமாக வாழும் சிறு பாலூட்டி பீடபூமிப் பைக்கா. பார்த்தவுடன் வாலில்லாத எலி என்றே தோன்றும். ஆனால் அது முயலின் உறவு. எலியும் அணிலும் அடங்கிய கொறிவிலங்கு வரிசையில் அது சேராது. எடை சுமார் 150 கிராம். மணல் நிற உடல், வட்டக் காது, கறுத்த உதடு. உலகில் ஏறத்தாழ 30 பைக்கா இனங்கள் உள்ளன. இரண்டு வட அமெரிக்காவில் வாழ்கின்றன, மற்ற யாவும் பெரும்பாலும் ஆசியாவின் மலைகளிலும் புல்வெளிகளிலும் காணப்படுகின்றன. பீடபூமிப் பைக்காவின் வாழிடம் இந்தியாவில் சிக்கிமின் வட எல்லைவரை நீள்கிறது. இந்தச் சிற்றுயிரைக் கூட்டம் கூட்டமாகக் கொல்வது முறையா என்ற கேள்வி அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பீடபூமியில் இருந்துவருகிறது. பௌத்தம் வேரூன்றிய மண்ணில் எழுந்ததால் அது புல் மேலாண்மையோடு நின்றுவிடும் கேள்வியாக இல்லை. கொலை என்பது எது, யாருக்காகக் கொல்லலாம், தனி உயிர் பெரிதா இனம் பெரிதா என்ற பழைய விசாரணைகளுக்குள் அது நேராகப் போய்ச் சேர்கிறது.

பைக்காவின் வாழ்க்கை சுருக்கமானது. ஏப்ரலில் தொடங்கும் இனப்பெருக்கம் ஆகஸ்டுவரை நீளும். சூல் காலம் மூன்று வாரமளவே. ஒரே கோடையில் ஒரு தாய் பலமுறை ஈனும். முதல் ஈற்றுக் குட்டிகள் பிரிந்து போகாமல் அடுத்த ஈற்றுக் குட்டிகளோடு அதே வளையில் தங்கிவிடும். ஒன்றையொன்று மூக்கால் தொடுவதும், அருகருகே ஒட்டி உட்கார்வதும், பருந்தின் நிழல் விழுந்தால் குரல் கொடுத்து எச்சரிப்பதும் கோடை முழுவதும் காணக் கிடைக்கும். ஆணும் பெண்ணும் இணையும் முறை நிலையானதன்று. ஒருவனுக்கு ஒருத்தி என்ற ஏற்பாடும் பல ஆண்களும் பல பெண்களும் சேர்ந்த குடும்பமும் ஒரே புல்வெளியிலேயே அருகருகே இருக்கும். பெரும்பாலானவை ஓராண்டுக்கு மேல் வாழ்வதில்லை. இரண்டு கோடைகளைக் கடப்பவை மிகச் சில.

அந்த ஓராண்டில் ஒரு குளிர்காலம் உண்டு. வெப்பநிலை மைனஸ் 30 டிகிரிவரை இறங்கும், புல் காய்ந்து சருகாகும். பைக்கா குளிர்கால உறக்கத்தில் ஆழ்வதில்லை. அமெரிக்கப் பைக்காவைப்போல வைக்கோற்போர் சேர்த்துவைக்கும் வழக்கமும் இந்த இனத்தில் பெரிதாக இல்லை. எப்படிப் பிழைக்கிறது என்ற புதிருக்கு ஜான் ஸ்பீக்மன் தலைமையிலான ஆய்வுக் குழு 2021இல் விடை வெளியிட்டது. குளிர்காலத்தில் அதன் அன்றாட ஆற்றல் செலவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைகிறது. உடல் வெப்பமும் நடமாட்டமும் சற்றே தாழ்கின்றன. யாக் மாடுகள் மேயும் இடங்களில் அது யாக்கின் சாணத்தையும் தின்கிறது. ஒருமுறை செரித்து வந்த நார் என்பதால் அதைத் தின்று செரிக்கக் குறைந்த உழைப்பே போதும். யாக்கின் புல்லைத் திருடும் பகை என்று குற்றம் சாட்டப்படும் விலங்கு, யாக் கழித்துவிட்டதில் குளிர்காலத்தைத் தள்ளுகிறது. இந்த ஒரு செய்தியே, இரண்டுக்கும் இடையே இருப்பது வெறும் போட்டி என்ற கணக்கைச் சந்தேகிக்கப் போதுமானது.

பைக்கா தோண்டும் வளைகளை நம்பிப் பிற உயிர்களும் வாழ்கின்றன. மரமே இல்லாத அந்த உயரத்தில் பறவைக்குக் கூடு கட்டக் கிளை கிடையாது. பனிக்குருவி இனங்கள் பலவும் பைக்கா வளைக்குள்தான் முட்டையிடுகின்றன. திபெத்திய நரி, பல்லாஸ் பூனை, மரநாய் இனங்கள், உயர்நிலப் பருந்து, சேக்கர் வல்லூறு ஆகியவற்றின் முதன்மை உணவு பைக்கா. பழுப்புக் கரடியும் வளையைக் கிளறி அதைத் தேடும். குளிர்காலத்தில் பாம்பும் தவளையும் மறைந்துபோகும் நாட்டில், உறங்காமல் வெளியே நடமாடும் முதன்மையான இரை அது.

பைக்காவுக்கு நஞ்சு வைக்கும் இயக்கம் 1950களின் இறுதியில் சீன அரசின் திட்டமாகத் தொடங்கியது. காரணம் எளிமையாகவே சொல்லப்பட்டது: பைக்கா புல்லைத் தின்கிறது, மண்ணைக் கிளறுகிறது, மேய்ச்சல் நிலம் கெடுகிறது. முதலில் பயன்பட்டது துத்தநாகப் பாஸ்பைடு. தமிழக வயல்களில் எலி மருந்தாக வைக்கப்படும் அதே நஞ்சு. வயிற்று அமிலத்தோடு கலந்ததும் பாஸ்பீன் வாயுவாகி உள்ளுறுப்புகளைக் கெடுக்கும். பிறகு வந்த சில சேர்மங்கள் செத்த பைக்காவைத் தின்ற நரியையும் பருந்தையும் கொன்றன. அவற்றுக்கு மாற்றாகப் பொட்டுலினம் நச்சுப்பொருள் வந்தது. வேறு தீனி கிடைக்காத குளிர்காலத்தில் வளை வாயில்களில் நச்சுத் தானியம் தூவப்படும். 1960க்கும் 1990க்கும் இடையில் சிங்ஹாய் மாகாணத்தில் மட்டும் 2 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் இது நடந்தது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பைவிட அது அதிகம். மஞ்சள் ஆறு, யாங்சி, மேகாங் ஆகிய மூன்று ஆறுகளும் பிறக்கும் பகுதிக்காக 2005இல் 750 கோடி யுவான் செலவில் வகுக்கப்பட்ட சூழல் பாதுகாப்புத் திட்டத்திலும் பைக்கா ஒழிப்பு ஓர் அங்கமாகச் சேர்க்கப்பட்டது. பாதுகாப்பு என்ற பெயரிலேயே கொலை நடந்தது என்பதுதான் இந்த விவகாரத்தைத் தத்துவக் கேள்வியாக்குகிறது.

அந்தத் தானியத்தைத் தூவ அழைக்கப்பட்டவர்களில் ட்ரோக்பா எனப்படும் திபெத்திய மேய்ச்சல் மக்களும் இருந்தார்கள். பலர் தயங்கினார்கள், சில இடங்களில் மறுப்பும் எழுந்தது. அந்தத் தயக்கத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அதற்குப் பின்னால் இரண்டாயிரம் ஆண்டு ஆழமுள்ள அறச் சிந்தனை இருக்கிறது. பௌத்தத்தின் ஐந்து சீலங்களில் முதலாவது உயிர்க்கொலை தவிர்த்தல். உடலால் மூன்று, சொல்லால் நான்கு, மனத்தால் மூன்று எனத் தீவினைகளைப் பத்தாக வகுக்கும் பட்டியல் திபெத்தில் சிறுவர்களுக்கும் தெரிந்தது. அதே பட்டியலை, கொலையை முதலில் வைத்து, மணிமேகலையும் தருகிறது. காவிரிப்பூம்பட்டினத்து அறவண அடிகளின் போதனையும் மஞ்சள் ஆற்றின் தலைமடையில் யாக் மேய்ப்பவரின் மன உறுத்தலும் ஒரே மரபின் இரு கிளைகள்.

எது கொலை என்பதைப் பௌத்த உரையாசிரியர்கள் நுட்பமாக வரையறுத்திருக்கிறார்கள். உயிர் ஒன்று இருக்க வேண்டும்; அது உயிர் என்று தெரிந்திருக்க வேண்டும்; கொல்லும் எண்ணம் வேண்டும்; அதற்கான முயற்சி வேண்டும்; அந்த முயற்சியால் சாவு நேர வேண்டும். இவை ஐந்தும் கூடினால்தான் கொலை முழுமையாகும். நடக்கையில் காலடியில் எறும்பு நசுங்குவது இதில் சேராது. வளை வாயில் தூவும் நச்சுத் தானியத்தில் ஐந்தும் குறைவின்றிக் கூடியிருக்கின்றன. பிறரை ஏவிச் செய்வித்தாலும் வினை ஏவியவரைச் சேரும் என்பதும் உரைமரபின் முடிவு. ஆகவே கூலியாள் தூவினார், அதிகாரி உத்தரவிட்டார், மேய்ப்பர் தம் நிலத்தைத் திறந்துவிட்டார் என்று பங்கு பிரித்துப் பொறுப்பைக் கரைத்துவிட இந்த அறத்தில் வழியில்லை.

எல்லாக் கொலையும் ஒரே எடையா என்ற கேள்விக்குப் பௌத்தத்துக்குள்ளேயே இரண்டு விடைகள் உண்டு. துறவியர் விதிநூலில் மனிதக் கொலை துறவறத்திலிருந்தே நீக்கும் குற்றம். விலங்கைக் கொல்வது அறிக்கையிட்டுத் தீர்த்துக்கொள்ளும் சிறு குற்றம். ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையில் உரை எழுதிய புத்தகோசர், விலங்குகளுக்குள் பெரியதைக் கொல்வது கூடுதல் பாவம் என்றார். அதற்கு முயற்சி அதிகம் வேண்டும், ஆகவே கொல்லும் எண்ணமும் அவ்வளவு உறுதியாக இருக்கும் என்பது அவர் நியாயம். திபெத்திய இல்லறத்தாரின் கணக்கு இதற்கு நேர்மாறாகச் செல்கிறது. தானியம் அதிகம் விளையாத உயரத்தில் இறைச்சி இல்லாமல் வாழ முடியாது. அப்படியானால் ஒரு யாக்கைக் கொன்றால் ஒரு குடும்பம் பல மாதம் உண்ணலாம். அதே அளவு இறைச்சிக்கு எத்தனை கோழி, எத்தனை மீன் சாக வேண்டும்? ஓர் உயிர் போவது பல உயிர் போவதைவிட மேல். இந்தக் கணக்கில் உடலின் அளவு சேராது, உயிர்களின் எண்ணிக்கையே சேரும். அதன்படி பார்த்தால் பைக்கா ஒழிப்பைப்போலப் பளுவான செயல் பீடபூமியில் வேறொன்று இருக்க முடியாது. செழித்த இடத்தில் ஒரு ஹெக்டேருக்கு நூற்றுக்கணக்கில் வாழும் உயிர் அது. எல்லா உயிரும் ஏதோ ஒரு பிறவியில் தனக்குத் தாயாக இருந்தவை என்று தியானிக்கப் பயின்றவர்களுக்கு அந்த எண்ணிக்கை வெறும் புள்ளிவிவரமாகத் தோன்றாது.

மறுதரப்புக்கும் பௌத்த நூல்களில் ஆதாரம் தேட முடியும். மகாயான மரபின் உபாயகௌசல்ய சூத்திரத்தில் ஒரு கப்பல் தலைவனின் கதை வருகிறது. கப்பலில் 500 வணிகர்கள். அவர்களைக் கொன்று பொருளைக் கொள்ளையடிக்க ஒருவன் திட்டமிட்டிருக்கிறான். தலைவன் போதிசத்துவன். அவன் வணிகர்களிடம் சொன்னால் அவர்கள் சினத்தில் கொள்ளையனைக் கொன்று பாவம் சேர்ப்பார்கள். சும்மா இருந்தால் கொள்ளையன் 500 பேரைக் கொன்று நீண்ட நரகத்தில் வீழ்வான். ஆகவே தானே அவனைக் கொன்று, அந்த நரகத்தைத் தான் ஏற்கத் துணிகிறான். கருணையால் செய்யும் கொலை என்ற கருத்துக்கு இதுவே அடிப்படைச் சான்று. மேய்ச்சல் நிலம் பாலையானால் மேய்ப்பரும் ஆடுமாடுகளும் அழிவார்கள், அதைத் தடுக்கப் பைக்காவைக் கொல்வது கருணையின் கணக்கில் சேராதா என்று ஒருவர் கேட்கலாம்.

கேள்வி நியாயமானது. ஆனால் கதை விதிக்கும் நிபந்தனைகளைப் பார்க்க வேண்டும். கப்பல் தலைவனுக்கு நடக்கப்போவது உறுதியாகத் தெரியும். ஊகம் அங்கே இல்லை. வேறு வழி எல்லாவற்றையும் அவன் எண்ணிப் பார்த்துவிட்டான். சாகப்போகிறவனின் நன்மையும் அவன் எண்ணத்தில் இருக்கிறது. விளைவின் துன்பத்தைத் தானே சுமக்கிறான். நச்சுத் தானியத் திட்டத்தில் இந்த நான்கில் ஒன்றும் இல்லை. பைக்காவின் நன்மையை யாரும் எண்ணவில்லை. துன்பத்தைச் சுமந்ததும் திட்டம் வகுத்தவர்கள் அல்லர். எஞ்சுவது அறிவும் மாற்று வழியும். இந்த இடத்தில் அறவிசாரணை உயிரியலின் கையில் போய்ச் சேர்கிறது.

அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஸ்மித் பல பத்தாண்டுகள் இந்த விலங்கை ஆராய்ந்தவர். அவரும் மார்க் ஃபாகினும் 1999இல் வெளியிட்ட கட்டுரை, பைக்காவைப் பீடபூமியின் ஆதாரக்கல் இனம் என்று வாதிட்டது. நஞ்சிட்ட நிலங்களில் பனிக்குருவிகள் குறைந்தன. பைக்காவைத் தின்று வாழும் விலங்குகளும் அருகின. பின்னர் மேக்ஸ்வெல் வில்சனும் ஸ்மித்தும் மழைநீர் மண்ணுள் இறங்கும் வேகத்தை அளந்து 2015இல் வெளியிட்டார்கள். பைக்கா வாழும் நிலத்தில் நீர் விரைவாக உறிஞ்சப்படுகிறது. பைக்கா அழிக்கப்பட்ட நிலத்தில் மேலோடி வழிகிறது. ஆசியாவின் பேராறுகள் பிறக்கும் இடம் அது என்பதால், ஓடிய நீரும் அரித்த மண்ணும் கீழ்நிலத்து மக்களையே சேரும்.

நிலம் கெட்ட இடங்களில் பைக்கா மிகுந்திருப்பது உண்மைதான். ஆனால் எது முன், எது பின்? பருந்தும் நரியும் வருவதைத் தூரத்திலேயே கண்டுகொள்ள, பைக்கா உயர்ந்த புல்லைவிடக் குட்டைப் புல் வெளியையே விரும்புகிறது. கால்நடை மிகையாக மேய்ந்து புல் குட்டையாகும்போது அங்கே அது பெருகுகிறது. பல இடங்களில் பைக்காக் கூட்டம் கேட்டின் காரணமாக இல்லாமல் அதன் அறிகுறியாகவே இருக்கிறது. கேட்டின் வேர்கள் வேறு: 1950களுக்குப் பிறகு கூட்டுப்பண்ணை முறையில் மந்தைகள் பெருகியது, பின்னர் பொது மேய்ச்சல் நிலம் குடும்பங்களுக்குப் பிரிக்கப்பட்டு வேலியிடப்பட்டது, பருவத்துக்கேற்ப இடம்பெயரும் வழக்கம் சுருங்கியது, உலகச் சராசரியைவிட வேகமாகப் பீடபூமி சூடேறிவருவது. மிக அடர்ந்து பெருகிய பைக்காக் கூட்டம் ஏற்கெனவே நொந்த நிலத்தை மேலும் கெடுக்கும் என்று காட்டும் ஆய்வுகளும் உண்டு. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் நஞ்சு அதற்கும் மருந்தாகவில்லை. எஞ்சிய சில இணைகள் ஓரிரு கோடைகளில் நிலத்தை மீண்டும் நிரப்பிவிடுகின்றன. பைக்காவைப்போல விரைவாகப் பெருக முடியாத நரியும் பருந்தும் திரும்பி வருவதில்லை. எனவே மறுமுறை நஞ்சு, அதற்கு மறுமுறையும் நஞ்சு. கப்பல் தலைவனுக்கு இருந்த உறுதியான அறிவு திட்டக்காரர்களுக்கு இல்லை என்பது இப்படித்தான் வெளிப்பட்டது. அவர்கள் குற்றவாளி என்று நினைத்துக் கொன்றவனே கப்பலைத் தாங்கிக்கொண்டிருந்தவன்.

அறிவியல் இவ்வாறு மேய்ப்பரின் தயக்கத்துக்குத் துணை வந்தது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் துணைக்கு வந்த வாதத்திலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஆதாரக்கல் என்ற வாதம் பைக்காவை அதன் பயனுக்காகக் காக்கச் சொல்கிறது: அது குருவிக்கு வீடு, நரிக்கு இரை, மழைநீருக்கு வடிகால். நாளை வேறோர் ஆய்வு இந்தப் பயன்களை மறுத்தால் என்ன ஆகும்? பயன் இல்லாத உயிரைக் கொல்லலாமா? முதற்சீலம் இந்த வினாவையே ஏற்பதில்லை. அஞ்சி ஓடுகிற, வலியை உணர்கிற, சாக விரும்பாத ஒன்று என்பதே அதற்குப் போதுமான காரணம். இந்த இரண்டில் சீலத்தின் அடித்தளமே உறுதியானது. சூழலியல் தரும் காரணம் திருத்தத்துக்கு உட்பட்டது. அது அறிவியலின் பெருமை, அதனாலேயே ஓர் உயிரின் வாழ்வுரிமையை முழுவதுமாக அதன்மேல் நிறுத்தக் கூடாது.

பிற உயிர்களுக்கு இரை என்பதே பைக்காவின் சிறப்பு என்று சூழலியல் நூல்கள் எழுதும்போதும் பௌத்த மனம் சற்று நிற்கும். வல்லூறின் நகத்தில் சிக்கிய பைக்கா எந்த ஒழுங்கின் அழகையும் அனுபவிக்கவில்லை. ஒன்றையொன்று தின்று வாழ்வதைப் பௌத்தம் துக்கத்தின் வடிவமாகவே காண்கிறது, புகழ வேண்டிய சமநிலையாகக் காண்பதில்லை. பசித்த புலிக்குத் தன் உடலைத் தந்த இளவரசன், விருந்தினனுக்கு உணவாகத் தீயில் பாய்ந்த முயல் ஆகிய சாதகக் கதைகள் இரையாவதைப் போற்றுகின்றன. கூர்ந்து பார்த்தால் அவற்றில் கொடுக்கப்பட்டது தன் உடல். இன்னொருவரின் உடலை எடுத்து யாரும் கொடையாகத் தரவில்லை. ஒரு பைக்காவை நரியின் உணவு என்று பெயரிடும் உரிமை மனிதனுக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை இக்கதைகள் எழுப்புகின்றன. நரியைத் தடுக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. நரிக்குக் கொல்லாமை என்ற சீலம் இல்லை. அதை ஏற்றுக்கொண்டது மனிதன் மட்டுமே.

தனி உயிரா, இனமா என்ற வழக்கு மேலை நாட்டுச் சிந்தனையிலும் தீராமல் நிற்கிறது. ஆல்டோ லியோபோல்ட் 1949இல் வெளிவந்த தம் நூலில், உயிர்ச் சமூகம் முழுவதன் நலமே சரி தவறின் அளவுகோல் என்றார். அதன்படி முழுமைக்காகத் தனி விலங்கைக் களையலாம். விலங்குகளின் உரிமைக்காக வாதிட்ட டாம் ரீகன் 1983இல் இதைச் சூழல் பாசிசம் என்றே கடிந்தார். முழுமையின் பெயரால் தனி உயிரைப் பலியிடும் எந்தக் கொள்கையும் அவருக்கு ஏற்புடையதன்று. பௌத்தத்தின் கண்ணுக்கும் துன்பப்படுவது தனி உயிர்தான். இனம் என்பது அறிவு வகுத்துக்கொண்ட பெயர். அப்படியானால் ஓர் இனம் அற்றுப்போவதில் தனி இழப்பு ஏதும் இல்லையா?

இதைச் சோதிக்கப் பைக்காவின் சுற்றத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சின்ஜியாங்கின் தியான்சான் மலைப் பாறைச் சரிவுகளில் 1983இல் லி வெய்டாங் கண்டறிந்த இலி பைக்கா இன்று 1,000க்கும் குறைவாகவே இருக்கிறது என்று மதிப்பிடப்படுகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் இருந்து 2014இல்தான் அது மீண்டும் படமெடுக்கப்பட்டது. யாரும் அதற்கு நஞ்சு வைக்கவில்லை. வெப்பம் ஏற ஏறப் பாறைச் சரிவில் மேலே மேலே போகிறது. உச்சிக்கு மேல் போக இடமில்லை. பீடபூமிப் பைக்காவோ, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் இன்றும் தீவாய்ப்புக் குறைந்த இனம். உயிரை எண்ணும் அறத்துக்குக் கோடிக்கணக்கில் சாகும் பீடபூமிப் பைக்கா பெரிய கவலை. இனத்தை எண்ணும் அறத்துக்கு ஆயிரத்துக்கும் குறைந்துவிட்ட இலி பைக்கா பெரிய கவலை. ஒன்றைக் கொண்டு மற்றதை மறுக்க முடியாது. இனம் என்பது பெயர்தான் என்றாலும், அது அற்றுப்போனால் இனிப் பிறக்கக்கூடிய எல்லாப் பிறவிகளின் வாசலும் மூடிவிடுகிறது. பிறவித் தொடரை நம்பும் மரபுக்கு இது புரியாத இழப்பன்று.

கடினமான வழக்கு ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அங்கே பனி பெய்யும் மலைகளில் மட்டும் வாழும் மலைக் குள்ளப் பாசம் 45 கிராம் எடையுள்ள பைப்பாலூட்டி. புதைபடிவமாக மட்டுமே அறியப்பட்டிருந்த அது 1966இல் ஹோதம் மலையின் பனிச்சறுக்கு விடுதியொன்றில் உயிருடன் அகப்பட்டது. அதைக் காக்க, ஐரோப்பியர் கொண்டுவந்து விட்ட நரியும் வீட்டை விட்டுக் காடேறிய பூனையும் கொல்லப்படுகின்றன. இங்கே கொலை அறியாமையால் நிகழவில்லை. காரணமும் விளைவும் தெரிந்தே நிகழ்கிறது. முதற்சீலத்தை முழுமையாக ஏற்றவர் இதற்குக் கைகொடுக்க மாட்டார். அந்த மறுப்புக்கு ஒரு விலை உண்டு. ஒரு வேளை ஓர் இனமே அந்த விலையாகலாம். அதை ஒப்புக்கொள்ளாமல் கொல்லாமையைப் பேசுவது நேர்மையாகாது. நரியைக் கொல்பவரும், அந்த நரியும் அஞ்சிச் சாகும் ஓர் உயிர் என்பதை ஒப்புக்கொண்டே செய்ய வேண்டும். கப்பல் தலைவன் நரகத்தை ஏற்றதன் பொருள் அதுதான்: தேவையான கொலையும் கொலையே.

கொல்லாமை மட்டும் போதுமா என்பது கடைசிக் கேள்வி. எண்ணமே வினை என்பது பௌத்தத்தின் அடிப்படை. நஞ்சைத் தொட மறுத்த மேய்ப்பர் கொலை எண்ணம் இல்லாதவர். ஆனால் நிலம் தாங்காத அளவுக்கு மந்தையைப் பெருக்கியவரும், வேலியிட்டுப் பருவ இடப்பெயர்ச்சியை நிறுத்திய நிர்வாகமும், தொலைதூர நகரங்களில் நிலக்கரி எரித்தவர்களும்கூடக் கொலை எண்ணம் இல்லாதவர்களே. எண்ணத்தை மட்டும் அளக்கும் அறம் இந்தச் சேதத்தைக் காணாமல் விட்டுவிடும். இதற்கான கருவி பௌத்தத்திலேயே இன்னோரிடத்தில் இருக்கிறது: எதுவும் தனித்து நிகழ்வதில்லை, ஒவ்வொன்றும் பலவற்றைச் சார்ந்தே தோன்றுகிறது என்னும் சார்பிற்றோற்றக் கொள்கை. யாக்கின் சாணம், பைக்காவின் குளிர்காலம், குருவியின் முட்டை, ஆற்றின் வெள்ளம் ஆகியவற்றின் தொடர்பைப் பேசும்போது சூழலியலாளர் இந்தக் கொள்கையின் அருகிலேயே நிற்கிறார். துறவியர் விதிநூலும் இதை உணர்ந்திருந்தது. மழைக்காலத்தில் துறவிகள் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்ற விதி, அவர்கள் நடமாட்டத்தில் இளம்பயிரும் சிற்றுயிரும் மிதிபடுகின்றன என்ற மக்களின் குறையிலிருந்து பிறந்தது. மிதித்தவர்களுக்குக் கொல்லும் எண்ணம் இல்லை. ஆனாலும் சேதம் தெரிந்தபின் நடைமுறை மாறியது. தெரிந்தபின் மாறாமலிருப்பது எண்ணத்தையும் மாசுபடுத்துகிறது என்பதே இதன் உட்பொருள்.

சமயச் சொல் இன்றும் பீடபூமியில் செயல்படும் ஆற்றல். 2006 ஜனவரியில் ஆந்திராவின் அமராவதியில் நடந்த காலசக்கர விழாவில், விலங்குத் தோல் அணிவதைக் கைவிடுமாறு தலாய் லாமா கேட்டுக்கொண்டார். சில வாரங்களுக்குள் திபெத்தியப் பகுதிகள் பலவற்றில் மக்கள் விலையுயர்ந்த புலித் தோலையும் சிறுத்தைத் தோலையும் குவித்து எரித்தார்கள். எந்த வனச் சட்டமும் அவ்வளவு விரைவில் அதைச் சாதித்ததில்லை. மூன்று ஆறுகளின் தலைப்பகுதி 2021இல் முறையாகத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே வாழும் மேய்ப்பர்களையும் மடங்களையும் பாதுகாப்பின் பங்காளிகளாக ஏற்பதற்குச் சமயச் சொல்லின் இந்த ஆற்றலைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

உயிரைக் கொல்ல முனைபவரே அதன் தேவையை மெய்ப்பிக்கக் கடமைப்பட்டவர். கொல்ல மறுப்பவர் எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. பீடபூமிப் பைக்கா விஷயத்தில் அறுபது ஆண்டுகளாகியும் அந்த மெய்ப்பு வந்துசேரவில்லை. வந்த சான்றுகளில் பெரும்பகுதி எதிர்த்திசையையே காட்டுகிறது. நச்சுத் தானியம் முழுவதுமாக நிறுத்தப்பட வேண்டும். மந்தைகளை நிலம் தாங்கும் அளவுக்குக் குறைப்பதும், வேலிகளை நீக்கிப் பருவ மேய்ச்சலை மீட்பதும், நரிக்கும் பருந்துக்கும் திரும்பி வர இடம் தருவதும் கடினமான வேலைகள்தாம். ஆனால் புல்வெளியை மீட்கும் வேலைகள் அவையே.